வீட்டுத் திரைக்கும் நேரலைக்கும் கருவி வாங்குமுன்: காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கான கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகள் ஏராளம். அவ்வீடுகளில் மாலையில் கூடத்தில் அமர்ந்து படம் பார்ப்பதற்கு ஒரு கருவியும், வீட்டு விசேஷத்தைக் கடல் கடந்து இருப்பவர்களுக்குக் காட்டுவதற்கு வேறு சில கருவிகளும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டையும் பற்றி மக்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும்?

முதலில் இணைய இணைப்புக்கும், அடுத்து மின்சாரம் தடைப்படாமல் இருப்பதற்கும், அதன் பிறகு ஒலிக்கும், கடைசியாகத்தான் படத்துக்கும் செலவிட வேண்டும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்து, விலை உயர்ந்த கேமராவை வாங்கிவிட்டு மைக்குக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள். படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மந்திரமும் மங்கல வாத்தியமும் கரகரத்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க மாட்டார்கள். கீழே உள்ள பதில்கள் யாவும் இந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டவையே.

ஸ்மார்ட் டிவி இருக்கும்போது தனியாக ஸ்டிக் வாங்க வேண்டுமா?

ஸ்டிக் என்பது டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் (படமும் ஒலியும் ஒரே கம்பியில் வரும் துளை) செருகி, இணையத்தில் படம் பார்க்க உதவும் சிறு கருவி. டிவி வேகமாக இயங்கி, நீங்கள் சந்தா கட்டியுள்ள செயலிகள் எல்லாம் அதில் திறக்குமானால் அது வேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்து டிவிக்கு மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோய், செயலிகள் திறக்க நேரமெடுக்கத் தொடங்கும்போது, டிவியையே மாற்றுவதற்குப் பதில் ஒரு ஸ்டிக்கைச் செருகிக்கொள்வது மலிவான வழி.

ஸ்டிக், பெட்டி, இணைய நிறுவனம் தரும் செட்டாப் பாக்ஸ், பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி: இவற்றில் எது நல்லது?

ஃபைபர் இணைப்புடன் நிறுவனமே தரும் செட்டாப் பாக்ஸ் இருந்தால், அதைச் சில நாட்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நலம். பல குடும்பங்களுக்கு அதுவே போதும். தனியாக வாங்குவதானால் அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், ஷாவ்மியின் டிவி பெட்டி போன்ற அறியப்பட்ட தயாரிப்புகளிலிருந்தே தேர்ந்தெடுங்கள். 1 ஜிபி நினைவகம் உள்ளவை விரைவில் மந்தமாகிவிடுகின்றன என்பதால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் 2 ஜிபி உள்ளதை வாங்குவதே சரி. கூகுள், டிவியில் செருகும் தன் குரோம்காஸ்ட் கருவியின் உற்பத்தியை 2024-இல் நிறுத்திவிட்டது. கடையில் பழைய சரக்காகக் கிடைத்தால் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் படத்தைத் தெளிவாகத் தருவதற்கு வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று கருவியில் இருக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்படியான எல்3 மட்டுமே உள்ள பெட்டியில், அட்டையில் 4கே (மிகத் தெளிவான படத்தரம்) என்று அச்சிட்டிருந்தாலும் படம் பழைய டிவிடியின் தரத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது குறை இன்னும் பெரியது. இத்தகைய பெட்டிகளில் சில, வாங்கும்போதே தீங்கு நிரலைச் சுமந்து வருகின்றன என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற பெயரைக் குறிப்பிட்டுப் பொதுமக்களை எச்சரித்தது. வீட்டில் அனைவரும் வங்கிச் செயலி பயன்படுத்தும் அதே வைஃபையில் அப்படி ஒரு பெட்டியை இணைத்து வைக்கலாகாது.

டிவியில் ஹெச்டிஎம்ஐ துளை இல்லை. என்ன செய்வது?

ஹெச்டிஎம்ஐ வழியாக வருவதைச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பிகளுக்கு மாற்றித் தரும் சிறு மாற்றி கிடைக்கிறது. படம் பழைய தரத்தில்தான் தெரியும். நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு உள்ள சில படங்கள் அதன் வழியே வராமலும் போகலாம்.

ஸ்டிக் தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதன்று, மின்னோட்டக் குறைவு. டிவியின் பின்னால் உள்ள யூஎஸ்பி துளை பல டிவிகளில் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். உடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகி, அதிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். அந்த அடாப்டர் தொலைந்துபோய் வேறு வாங்க நேர்ந்தால், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், அதாவது ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் எண், அதன் மேல் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தும் உயர்ந்தும் மாறி மாறி வரும் ஊர்களில் டிவிக்கு ஸ்டெபிலைசர் வைப்பதும், ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்றை வைப்பதும் வீண் செலவல்ல. மின்சாரம் போன கணத்தில் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் ரவுட்டர் அணைந்துவிட்டால், மீண்டும் இணைப்பு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு கிடக்கும் பழைய வீட்டில் வைஃபை எட்டவில்லையே?

எட்டாது. அடர்ந்த செங்கல் சுவர்கள் நான்கைந்தைக் கடந்து செல்லும் வலு 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்றுத் தொலைவு ஊடுருவினாலும் வேகம் குறைவு, அண்டை வீட்டு நெரிசலும் அதில் அதிகம். இணைப்பைக் கொண்டுவருபவர் வாசலிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பார். அவரிடம் சொல்லிக் கூடத்தில், முற்றத்தைப் பார்த்தவாறு உயரமாக மாட்டச் செய்யுங்கள். முற்றத்தின் திறந்தவெளி வழியாக அலை இருபுறமும் போகும். டிவிக்கு முடிந்தவரை ரவுட்டரிலிருந்து நேராக ஈதர்நெட் எனும் இணையக் கம்பியே இழுத்துவிடுவது நல்லது. ஸ்டிக்குகளுக்கு ஈதர்நெட் இணைக்கும் சிறு அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. ஒரு கம்பி தீர்க்கும் சிக்கலுக்கு மூன்று வைஃபை பெருக்கிகளை வாங்கி அடுக்குவது எனக்கு ஒப்பவில்லை.

எவ்வளவு வேகம் வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் கூறும் அளவுப்படி சாதாரணத் தெளிவுள்ள 720பி படத்துக்கு 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), அதைவிடத் தெளிவான 1080பி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 போதும். ஆகவே படம் பார்க்க மட்டும் என்றால் 30 எம்பிபிஎஸ் இணைப்பே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நேரலை அனுப்புவோர் பார்க்க வேண்டியது வேறு எண்: பதிவேற்ற வேகம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தையே என்பதால், பதிவேற்றம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சந்தா கட்டுங்கள்.

படத்தில் பேசுவது தாத்தா பாட்டிக்குப் புரியவில்லை. எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் பின்புறச் சுவரை நோக்கியோ கீழ்நோக்கியோ ஒலிப்பதால் பேச்சு குழைந்துவிடுகிறது. அதிரும் பாஸ் உள்ள பெரிய பெட்டியைத் தேடாமல், பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரை வாங்கி, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், ‘ஏஆர்சி’ என்று எழுதியுள்ள ஹெச்டிஎம்ஐ துளையில் இணையுங்கள். புளூடூத்தில் இணைத்தால் ஒலி சற்றுத் தாமதித்து வரும்; உதடு முன்னே போகப் பேச்சு பின்னே வருவது முதியோருக்கு இன்னும் குழப்பம் தரும்.

மைக்குகளில் டைனமிக், கண்டென்சர் என்கிறார்கள். எதை வாங்குவது?

டைனமிக் மைக்கில் காந்தத்துக்கு நடுவே சிறு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாகிறது. அதற்கு வெளி மின்சாரம் தேவையில்லை, பேரோசையைத் தாங்கும், கைதவறி விழுந்தாலும் எளிதில் கெடாது, அருகில் இருப்பதை மட்டுமே நன்றாக எடுக்கும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகையைச் சேர்ந்தது. நம் ஊர் மைக்செட்காரர்கள் வைத்திருக்கும் அகுஜா மைக்குகளிலும் பெரும்பாலானவை இந்த வகையே. கண்டென்சர் மைக்கில் மெல்லிய தகடு ஒன்று மின்னூட்டத்துடன் அதிர்கிறது. நுண்ணிய ஒலியையும் அது பிடிக்கும். அத்துடன் தெருவில் போகும் டிராக்டரையும் பிடிக்கும். மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் வகைக் கண்டென்சருக்கு, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் ‘பான்டம் பவர்’ தர வேண்டும். யூஎஸ்பி வகைக்குக் கணினியே மின்சாரம் தந்துவிடும்.

என் துணிபு இது: காவிரிப் படுகையில் ஒரு சாதாரண வீட்டிலிருந்து பேசி ஒலிபரப்புவோருக்கு டைனமிக் மைக்கே ஏற்றது. மின்விசிறி, காகம், மோட்டார் பம்பு, தெருவில் விற்றுப் போகிறவரின் குரல் ஆகியவற்றுக்கு நடுவில் இருந்துகொண்டு, ஸ்டுடியோவுக்காகச் செய்த கண்டென்சரை வாங்குவது துன்பத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். அமைதியான அறையில் வீணையோ தேவாரமோ பதிவு செய்வோர் கண்டென்சரை நாடலாம். வீணைக்குக் குடத்துக்கு எதிரே இரண்டு சாண் தொலைவில் வைத்துத் தொடங்கி, கேட்டுக் கேட்டு இடத்தை மாற்ற வேண்டும்.

சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டுப் பேச முடியாதே?

நிறுத்த வேண்டாம். மேலே சுழலும் விசிறிக்கு நேர் கீழே உட்காராமல், மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் (ஓசையை அளக்கும் அலகு) கூடும். விசிறியின் ஓசை கூடாது. குரல் கூடியதால் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளலாம், அப்போது விசிறி பின்னுக்குப் போய்விடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளிலோ மைக்கிலோ இருந்தால் அதையும் இயக்குங்கள். அறை எதிரொலிப்பதாக இருந்தால் கோரைப்பாயைத் தொங்கவிடுவதால் பெரிய பயன் இல்லை. அது மிக மெல்லியது. இலவம்பஞ்சு மெத்தையைப் பேசுபவரின் பின்னால் சாய்த்து வைத்தால் குரல் அடங்கி ஒலிப்பதை உடனே உணர்வீர்கள்.

நாதஸ்வரத்தையும் தவிலையும் எப்படி எடுப்பது? எப்போதும் பிளந்துகொண்டே கேட்கிறது.

இந்த மண்ணின் இசை இது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து உருவாகும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆகவே இந்த இசையைச் சரியாக எடுத்து அனுப்பக் கற்றுக்கொள்வது நம் கடமை என்றே கருதுகிறேன்.

திறந்த வெளியில் பெருங்கூட்டத்துக்குக் கேட்பதற்காகவே அமைந்த வாத்தியம் நாதஸ்வரம். அருகில் நின்றால் அதன் ஓசை 100 டெசிபெலைத் தாண்டும். செல்பேசியின் மைக் நம் பேச்சுக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருப்பதால், இந்த ஓசை வந்ததும் தாங்காமல் அலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. அதைத்தான் ‘பிளக்கிறது’ என்கிறோம். மேலும், செல்பேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதால், தவிலில் ஓர் அடி விழுந்ததும் நாதஸ்வரம் பள்ளத்தில் விழுந்ததுபோல் அமுங்கி மீண்டும் எழுகிறது. இவ்வாறு பதிவானதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க முடியாது.

செய்ய வேண்டியவை எளியவைதாம். முதலில், ஒலியளவைக் கையால் அமைக்க வசதியுள்ள கருவியை எடுங்கள். தானியங்கி ஒலியளவை அணையுங்கள். பேரோசையைத் தாங்கும் டைனமிக் மைக் ஒன்றை நாதஸ்வரக் கலைஞருக்கு முன் மூன்று நான்கு அடி தள்ளி நிறுத்துங்கள். ஓசை முழுவதும் அடியில் விரிந்திருக்கும் அணசிலிருந்தே வருகிறது என்று எண்ணி அதன் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவது பரவலான பழக்கம். விரல் துளைகள் வழியாகவும் ஓசை வெளியேறுகிறது; கமகங்களின் நெளிவு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் நீண்ட குழலான உலவின் நடுப்பகுதியை நோக்கி மைக்கைச் சாய்க்க வேண்டும். கலைஞர் வாத்தியத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் வாசிப்பதால் இன்னும் நெருங்கி வைத்தால் ஓசை ஏறி இறங்கும். தவிலுக்குத் தனி மைக் இருந்தால், விரல்களால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் வையுங்கள். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் அடி தானாகவே வந்து சேர்ந்துவிடும். ஒரே மைக்தான் உண்டென்றால் இருவருக்கும் நடுவில் ஆறடி பின்வாங்கி, நாதஸ்வரத்தின் பக்கம் சற்றுத் திருப்பி வைப்பதே போதும்.

அளவு அமைக்கும்போது மெல்லிய ஆலாபனையைக் கேட்டு அமைக்காமல், தனியாவர்த்தனம் போன்ற உச்சகட்டத்தைச் சிறிது வாசித்துக் காட்டச் சொல்லி, கருவியின் அளவுகாட்டி −12 டெசிபெலுக்கு மேல் போகாதவாறு (அதில் 0 என்பதே உச்ச எல்லை) அமையுங்கள். மெல்லிய ஒலியையும் பேரோசையையும் ஒருங்கே பதியும் 32-பிட் ஃபுளோட் முறையில் இயங்கும் சிறு ரெக்கார்டர்கள் இப்போது வந்துள்ளன. அவற்றில் அளவு தவறினாலும் பின்னர் சரிசெய்யலாம், ஆனால் மைக் தாங்கும் எல்லைக்குள் ஓசை இருந்தால் மட்டுமே.

கல்யாண நேரலைக்கு என்னென்ன வேண்டும்?

நல்ல செல்பேசி ஒன்று, அதை அசையாமல் தாங்கும் மும்முனைத் தாங்கி, மைக், பவர்பேங்க், சோதித்துப் பார்த்த இணைப்பு. இவற்றில் இணைப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

720பி தரத்தில் 3 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு 1.35 ஜிபி செலவாகும். முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம். கணக்குப் பார்த்தால் 2 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் உள்ள செல்பேசியில் அனுப்பினால், தாலி கட்டும் நேரத்தை ஒட்டி வேகம் முடங்கும். கூடுதல் டேட்டாவை முன்னரே போட்டு வைக்க வேண்டும். மண்டபத்தில் ஐந்நூறு பேர் செல்பேசியுடன் கூடினால் அந்தக் கோபுரத்தின் வேகம் எல்லோருக்கும் பிரிந்துபோகும் என்பதால், முந்தைய நாள் காலி மண்டபத்தில் பார்த்த வேகத்தை நம்ப வேண்டாம். அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தரத்தைக் குறைத்து அமையுங்கள். மண்டபத்தில் ஃபைபர் இருந்தால் மேலாளரிடம் கேட்டுப் பெறுவதே சிறப்பு.

யூடியூபில் முதன்முறை நேரலை வசதியை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். செல்பேசியிலிருந்து நேரடியாக அனுப்பக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினியில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை மென்பொருள் வழியாக அனுப்புவோருக்கு இந்த நிபந்தனை இல்லை. கல்யாணத்தன்று காலையில் கணக்குத் தொடங்குவோர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். நேரலையைப் ‘பட்டியலிடாத’ (அன்லிஸ்டட்) வகையில் அமைத்தால் சுட்டி கிடைத்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள். அழைப்பில் நேரத்தை அந்தந்த நாட்டுக் கணக்கில் எழுதுங்கள்: இங்கே காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30, துபாயில் 4.30.

மைக் விஷயத்தில், மாப்பிள்ளைக்குச் சட்டை இல்லாததாலும் மாலை உரசுவதாலும் அவர்மேல் காலர் மைக் பொருத்துவது பயன் தராது. சடங்கு நடத்தும் வாத்தியாரிடமோ ஓதுவாரிடமோ முன்னதாகவே அனுமதி கேட்டு, அவருடைய அங்கவஸ்திரத்தில் முகவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்துங்கள். ஓமப் புகைக்கும் சூட்டுக்கும் நேரே எந்த மைக்கையும் வைக்கலாகாது.

மண்டபத்து மைக்செட்டிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், மைக்செட்காரர் தம் கையால் மிக்சரின் ‘ரெக் அவுட்’ அல்லது ‘லைன் அவுட்’ துளையிலிருந்து எடுத்துத் தந்தால் மட்டும். குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் 70 வோல்ட், 100 வோல்ட் முனைகள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் இருக்கும். அவற்றில் உங்கள் செல்பேசியையோ ரெக்கார்டரையோ இணைத்தால் கருவி எரிந்துபோகும், உங்களுக்கும் ஆபத்து. மிக்சரிலிருந்து வரும் லைன் அளவு மின்குறி, மைக்கிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு வலுவானது; ஆகவே இடையில் அதன் வலுவைக் குறைக்கும் குறைப்பான் ஒன்று வேண்டும்.

மைக்கைச் செல்பேசியில் செருகினேன், ஒலியே வரவில்லை.

மைக் கம்பியின் முனையிலுள்ள முள்ளைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் உள்ள முள் கேமராவுக்கானது. மூன்று வளையம் உள்ளது செல்பேசிக்கானது. மாற்றி ஒன்று வாங்கினால் போதும். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் போயா பிஒய்-எம்1 போன்ற காலர் மைக்குகளில் கேமராவுக்கும் செல்பேசிக்கும் மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வயர்லெஸ் மைக் வாங்கலாமா?

வயலிலும் வீட்டிலும் பயன்படுத்த நல்லது. கூட்டமுள்ள மண்டபத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மலிவு வகைகள் வைஃபையும் புளூடூத்தும் நிறைந்த காற்றில் விட்டு விட்டுக் கேட்கும். பேசுபவர் அணியும் டிரான்ஸ்மிட்டரிலேயே பதிவும் செய்து வைக்கும் வகையை வாங்கினால், நேரலையில் அறுந்தாலும் பதிவு கையில் இருக்கும்.

குறுவை நடவு, சம்பா உழவு பற்றி வயலிலிருந்தே காணொளி போடுகிறேன். காற்றின் இரைச்சல் மட்டுமே கேட்கிறது.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் பருவத்தில் காற்றும் வலுத்துவிடுகிறது; ஆடிக்காற்றுக்கு மைக்குடன் வரும் ஸ்பஞ்சு உறை ஈடுகொடுக்காது. அடர்ந்த ரோமம் போன்ற உறையைப் போட வேண்டும். காலர் மைக்கைத் துண்டின் மடிப்புக்குள் செருகி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். வரப்பில் நின்று பேசுவதைவிடக் களத்துமேட்டு மரத்தடியில் பேசி, வயல் காட்சியைத் தனியாக எடுத்துச் சேர்ப்பது கேட்பவர்களுக்கு இதமாக இருக்கும்.

‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் விடாமல் கேட்கிறது.

அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜரிலோ வீட்டின் எர்த் இணைப்பிலோ குறை இருக்கலாம், எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட கம்பி தேவைப்படும் இடத்தில் எக்ஸ்எல்ஆர் கம்பியே பயன்படுத்துங்கள்.

பாட்டுப் போட்டதற்காக யூடியூப் நேரலையை நிறுத்திவிட்டது. ஏன்?

தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனையை உங்கள் வீட்டில் ஒருவர் வாசித்தால் அந்தப் பாடலுக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டால், அந்தப் பதிவின் உரிமை அதை வெளியிட்ட நிறுவனத்துடையது. யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுகொள்ளும். சினிமாப் பாட்டுக்கும் இதே நிலைதான். இடைவேளையில் மண்டபத்தில் பாட்டு ஓடும்போது நேரலையின் ஒலியை அணைத்து வையுங்கள்.

வீட்டில் சிறிய எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்து ஊருக்கு ஒலிபரப்பலாமா?

கூடாது. உரிமமின்றி ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். சமுதாய வானொலிக்கான உரிமம் கல்வி நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் போன்றவற்றுக்கே உண்டு, தனிநபருக்குத் தரப்படுவதில்லை. குரலை ஊருக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் இணையத்தில் ஒலித்தொகுப்பாக வெளியிடலாம், அல்லது அருகிலுள்ள சமுதாய வானொலியை அணுகி நிகழ்ச்சி தரலாம்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கருவிகள் சீக்கிரம் கெடுகின்றனவே?

உப்புக்காற்று முள்களையும் துளைகளையும் அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் கண்டென்சர் மைக்கின் தகட்டில் படிந்து படபடவென்று ஓசை எழுப்புகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, நிறம் மாறும்போது அவற்றை மாற்றுங்கள். மைக்கில் ஊதிப் பார்ப்பதையும் தட்டிப் பார்ப்பதையும் வீட்டில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். பேசித்தான் சோதிக்க வேண்டும்.

இணையத்தில் ஷூர் எஸ்எம்58 பாதி விலைக்கு வருகிறதே?

உலகில் மிகுதியாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் அதுவும் ஒன்று. அசலின் எடை 298 கிராம். பல போலிகள் இதைவிட இலேசானவை. பில்லும் உத்தரவாதமும் தரும் கடையில், கையில் வாங்கி, அங்கேயே எடைபோட்டும் பேசிக் கேட்டும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அந்த விலை கட்டாதென்றால், போலியை வாங்காமல் மைக்செட் கடைகளில் கிடைக்கும் இந்தியத் தயாரிப்பு டைனமிக் மைக் ஒன்றை வாங்குங்கள். பழுது பார்க்கவும் உதிரிபாகம் பெறவும் பெரும்பாலும் வெளியூர் போக வேண்டியிராது.